காய்ச்சல் போன பின்னும் அசதி போகாத முதியவர்களுக்கு வீட்டிலேயே தசை வலுப்படுத்தும் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா, பெயர் தெரியாத வைரஸ் காய்ச்சல் என எது வந்திருந்தாலும் சரி, காய்ச்சல் விட்டு மாதக்கணக்கான பிறகும் "உடம்புல சத்தே இல்லைங்க" என்று சொல்கிற அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்கான வழிமுறை இது. சேலம் அம்மாபேட்டையில் சிக்குன்குனியாவிலிருந்து மீண்ட எங்கள் அம்மாவுக்கு, வயது 69, வீட்டிலேயே செய்து பார்த்தது. இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் அவ்வப்போது வந்து திருத்திக் கொடுத்தார். பிறகு எங்கள் தெருவில் சிலருக்கும் ஏற்காட்டில் பெரியம்மாவுக்கும் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தேன்.

எல்லாரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். பயிற்சி யாருக்கும் கஷ்டமாக இல்லை. வரிசையை மாற்றியதுதான் கெடுத்தது. ஆறாவதாகச் செய்ய வேண்டியதை முதல் நாளே செய்தார்கள். அதனால் கீழே உள்ளதை எண் வரிசைப்படியே போங்கள்.

1. முதலில் டாக்டர், அப்புறம்தான் நாற்காலி

அசதிக்கெல்லாம் வைரஸ்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைவு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாமே இதே மாதிரிதான் வந்து உட்காரும். இவற்றில் ஒன்று இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பயிற்சி செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

டாக்டரிடம் நாலு விஷயம் கேட்டுக்கொண்டு வாருங்கள். இதயத்தைப் பார்க்க வேண்டுமா? சில வைரஸ் காய்ச்சல்களுக்குப் பிறகு இதயத் தசையில் வீக்கம் வரலாம். அந்த நேரத்தில் உடம்பை வருத்தினால் ஆபத்து. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்திலும் ரத்த அழுத்தம் எவ்வளவு? மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் நின்று செய்யும் பயிற்சிகளைத் தள்ளிப்போட வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளில் எது நாடித்துடிப்பைக் குறைக்கும்? அடினோலால், மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அதிகம் ஏறாது, கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி ஏமாந்துவிடுவார்கள். கடைசியாக, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பயிற்சி நாளில் அளவை மாற்ற வேண்டுமா?

வெளியே போக முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் உண்டு.

2. ஒரு வாரம் சும்மா இருந்து எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஏழு நாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம். வழக்கமான வேலையை மட்டும் செய்யுங்கள். தினமும் இரவு நாலே வரி: அசதி பத்துக்கு எவ்வளவு, தூக்கம் எப்படி, இன்று செய்த பெரிய வேலை என்ன, காலையில் எழுந்தபோது உடம்பு எப்படி இருந்தது.

காரணம் இதுதான். வைரஸுக்குப் பிந்தைய அசதி உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு உழைப்பின் விளைவு உடனே தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும். வந்தால் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இருக்கும். செய்யும்போது நன்றாகத்தான் இருக்கும். இன்று கைநீட்டி வாங்கிய கடனுக்கு நாளை மறுநாள் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பது மாதிரி. நோட்டு இல்லாமல் எந்த வேலைக்கு எந்த வட்டி என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை தெம்பாக இருக்கிறது என்று கிரைண்டரில் மாவு அரைத்து, பரணையும் ஒதுக்கி வைத்தார். சனிக்கிழமை ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை படுக்கையை விட்டு எழ முடியவில்லை. "நேத்து ஒண்ணுமே செய்யலையே" என்றார். நேற்று செய்யவில்லை, உண்மைதான். முந்தா நாள் செய்தது நோட்டில் இருந்தது.

3. நோட்டைப் பார்த்து எந்தப் பாதை என்று முடிவெடுங்கள்

சின்ன வேலைக்குப் பிறகும் ஓரிரு நாளில் உடம்பு முழுதும் அடித்துப்போட்ட மாதிரி ஆகிறது, தூங்கினாலும் தெளியவில்லை, பேச்சு நடுவில் வார்த்தை மறக்கிறது, காய்ச்சல் வருவது போல் இருக்கிறது என்ற வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா? அப்படியானால் இந்த வழிகாட்டியின் 6-ஆம் பகுதி முதல் உள்ளவை இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். வேலையைத் துண்டு துண்டாக்கி, நடுவில் ஓய்வெடுத்து, வட்டி வராத அளவுக்குள் நாளை ஓட்டுவதுதான் முதல் சிகிச்சை. வாரா வாரம் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சித் திட்டத்தை நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் வகுத்துத் தரும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது.

"படுத்தா படுத்த படுக்கைதான், எந்திரிச்சு நடங்க" என்று போனில் அதட்டும் பிள்ளைகள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

அப்படிப்பட்ட வரிகள் இல்லை, அசதி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது, கால்தான் வலுவிழந்திருக்கிறது என்றால் தொடரலாம். வயதானவர்கள் சில நாள் படுத்தாலே தொடைத் தசை கரையத் தொடங்கிவிடும். அதைத் திரும்பக் கட்டுவதற்குத்தான் மீதி எல்லாம்.

4. இடம், நாற்காலி, நேரம்

நாற்காலி உறுதியாக இருக்க வேண்டும், சக்கரம் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எழும்போது பின்னால் வழுக்கிப் போவது அதன் குணம். உட்காரும்போது முட்டியை விட இடுப்பு கொஞ்சம் மேலே இருந்தால் எழுவது எளிது. உயரம் போதவில்லை என்றால் பவானி ஜமுக்காளத்தை மடித்துப் போடலாம். தலையணை வேண்டாம், அமுங்கி ஆட்டம் காட்டும்.

தரை ஈரமாக இருக்கக் கூடாது. வெறும் சாக்ஸ் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டுங்கள். புடவை, நைட்டி கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். எட்டும் தூரத்தில் தண்ணீர், போன். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டரைக்குள் முடித்துவிடுவது நல்லது. வெயிலே பாதிச் சத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் அசதி எதனால் என்று நோட்டில் பிரிக்க முடியாது. மூட்டு காலையில் விறைக்கிறது என்பவர்கள் மின்விசிறிக்கடியில் மாலை ஐந்தரைக்குச் செய்யலாம். ஏற்காட்டில் இதற்கு நேர்மாறு. டிசம்பர், ஜனவரிக் குளிரில் விடியற்காலை வேண்டாம். வெயில் ஏறிப் பத்து மணி ஆகட்டும்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். பக்கத்தில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை வந்தால் குடித்துவிட்டு அளந்து பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான்.

5. நிறுத்த வேண்டிய அறிகுறிகளைச் சுவரில் ஒட்டுங்கள்

நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல் என எது வந்தாலும் உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள். இதை முதல் பயிற்சிக்கு முன்பே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் பத்து வயதுப் பேரனாகக்கூட இருக்கலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் பயிற்சிக்கு முன்பும் பின்பும் பார்க்கலாம். மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் தப்பு எண் காட்டும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். அங்கே எண் சேலத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். உங்கள் வழக்கமான எண் என்ன என்று ஓய்வாக இருக்கும்போது மூன்று நாள் பார்த்துக் குறித்து வையுங்கள்.

6. முதல் இரண்டு வாரம்: உட்கார்ந்தபடி மூன்று

வாரத்தில் இரண்டே நாள், உதாரணமாகத் திங்களும் வியாழனும். நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி இருந்தால்தான் தாமதமாக வரும் வட்டியைப் பார்க்க முடியும். தினமும் செய்தால் எந்த நாளின் விளைவு எது என்று குழம்பிவிடும்.

எத்தனை முறை? உங்களால் சிரமமில்லாமல் எத்தனை முடியும் என்று தோன்றுகிறதோ அதில் பாதி. பத்து முடியும் என்றால் ஐந்து. முடித்ததும் "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றவில்லை என்றால் அதிகம் செய்துவிட்டீர்கள்.

முட்டி நீட்டல்: முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மூன்று எண்ணி, மெதுவாக இறக்குங்கள். இரண்டு காலும் மாறி மாறி. நாற்காலியிலிருந்து தூக்கிவிடுகிற தொடை முன்தசைக்கு இது.

குதிகால் தூக்கல்: பாதத்தின் முன்பகுதியைத் தரையில் வைத்துக் குதிகால்களை மட்டும் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் சுருங்கி விரிவதால் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். எழும்போது தலை சுற்றுகிறவர்கள் இதை முதலில் செய்யட்டும்.

துண்டு இழுத்தல்: குளிக்கும் துண்டின் இரு முனையையும் பிடித்து, நெஞ்சுக்கு முன்னால் இரு பக்கமும் இழுத்து மூன்று எண்ணுங்கள். தோள்பட்டைக்கும் மேல்முதுகுக்கும். சிக்குன்குனியாவால் விரல் மூட்டு வலிக்கிறவர்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டாம், துண்டை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் போதும்.

மூன்றுக்கும் பொதுவான விதி: எண்களை வாய்விட்டு எண்ணுங்கள். மூச்சை அடக்கித் தம் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பேசிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். அம்மா அந்த இடைவெளியில் கீரை ஆய எடுத்துவிடுவார். அது ஓய்வு இல்லை என்று புரியவைக்க மூன்று வாரம் ஆயிற்று.

7. மூன்றாவது வாரம்: எழுந்து உட்காருதல்

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கழிவறையிலிருந்தும் பஸ் சீட்டிலிருந்தும் யார் கையையும் பிடிக்காமல் எழுவது இந்தத் தசைகளால்தான்.

முதலில் நாற்காலியின் முன்விளிம்புக்கு நகருங்கள். பெரும்பாலோர் இதை விட்டுவிட்டு, ஆழமாக உட்கார்ந்த இடத்திலிருந்தே எம்பிப் பார்த்து "முட்டி வலிக்குது" என்பார்கள். பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள், நடுவே ஒரு சாண் இடைவெளி. மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, "ஒண்ணு" என்று சொல்லியபடி எழுங்கள். எழுந்ததும் இரண்டு நொடி நில்லுங்கள், தலை சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். உட்காரும் முன் நாற்காலி விளிம்பு காலின் பின்பக்கம் தட்டுகிறதா என்று உணர்ந்துவிட்டு உட்காருங்கள். தொப்பென்று விழுவது முதுகெலும்புக்கு ஆகாது, எலும்பு தேய்ந்தவர்களுக்கு இன்னும் ஆகாது.

ஆரம்பத்தில் கையை நாற்காலியில் ஊன்றலாம், தப்பில்லை. மூன்று முறை போதும்.

இன்னொன்று. மெதுவாக, மிக மெதுவாக உட்கார்வது தசையை நன்றாக வளர்க்கும் என்பது உண்மை. ஆனால் அதுதான் அடுத்த நாள் தொடை வலியையும் அதிகம் கொடுக்கும். முதல் சில வாரம் சாதாரண வேகத்தில் இறங்குங்கள். இல்லாவிட்டால் நோட்டில் எழுதும்போது இரண்டு வலிகள் கலந்துவிடும். தசை வலி என்பது வேலை செய்த இடத்தில் மட்டும் இருக்கும், தொட்டால் தெரியும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். அது பரவாயில்லை. பின்னடைவு உடம்பு முழுதும் இருக்கும், தூக்கத்தையும் யோசனையையும் கெடுக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

8. ஐந்தாவது வாரத்திலிருந்து: நின்று செய்பவை

அதுவரை நோட்டு சுத்தமாக இருந்தால் மட்டும். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புவது ஒன்று. சமையல் மேடையைப் பிடித்தபடி நின்று குதிகால் தூக்குவது இன்னொன்று. அதே மேடையைப் பிடித்து ஒற்றைக் காலில் ஐந்து நொடி நிற்பது மூன்றாவது, இது விழாமல் காக்கும் சமநிலைக்கு. ஒரு நாளைக்கு ஒரு புதிய பயிற்சிக்கு மேல் சேர்க்காதீர்கள்.

எடைக்கு டம்பெல் வாங்கத் தேவையில்லை. அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் அரைக் கிலோ. விரல் வலி உள்ளவர்கள் மஞ்சப்பையில் அரைக் கிலோ அரிசி போட்டு முன்கையில் மாட்டிக்கொண்டு முழங்கையை மடக்கலாம். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்கு அன்று விடுமுறை.

9. எப்போது கூட்டலாம்

நான்கு பயிற்சி நாட்கள், அதாவது இரண்டு வாரம், அடுத்த இரண்டு நாளும் கெடாமல் போனால் ஒரே ஒரு விஷயத்தைக் கூட்டுங்கள். முதலில் எண்ணிக்கை, இரண்டிரண்டாகப் பத்து வரை. பிறகு இரண்டாவது சுற்று. பிறகு கை ஊன்றாமல் எழுவது. கடைசியில்தான் எடை. இரண்டை ஒன்றாகக் கூட்டி உடம்பு கெட்டால் குற்றவாளி யார் என்று தெரியாது.

"இன்னிக்கு நல்லா இருக்கு, இன்னும் அஞ்சு போடறேன்" என்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் பேரைப் படுக்க வைத்த வாக்கியம். நன்றாக இருக்கும் நாளிலும் திட்டமிட்ட எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். கூட்டலாமா என்பதை அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் முடிவு செய்யட்டும். அன்றைய தெம்புக்கு அதில் ஓட்டு கிடையாது.

மற்ற உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏற்காட்டில் பெரியம்மா வீட்டிலிருந்து கடைக்குப் போவது இறக்கம், வருவது ஏற்றம். அந்த ஏற்றமே அவருடைய கால் பயிற்சி. கடைக்குப் போன நாளில் நாற்காலிப் பயிற்சி கிடையாது என்று வைத்த பிறகுதான் அவருக்குச் சீரானது. அதுபோல, கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா சமயத்தில் விருந்தாளிகள், கூழ், வரிசையில் நிற்பது என்று வாரமே போய்விடும். அந்த வாரம் பயிற்சியை விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

10. உடம்பு பின்னால் போன நாளில்

பயிற்சியை நிறுத்துங்கள். நோட்டில் அசதி எண் பழைய அளவுக்கு வரும்வரை காத்திருந்து, அதற்கு மேல் இரண்டு நாள் ஓய்வு எடுங்கள். தொடங்கும்போது விட்ட இடத்தில் தொடங்காமல் அதில் பாதியில் தொடங்குங்கள். எட்டு முறை எழுந்து உட்கார்ந்தவர் நான்குக்குத் திரும்பட்டும். வெட்கப்பட்டுக்கொண்டு எட்டிலேயே தொடங்கியவர் எங்கள் தெருவில் ஒரு பெரியவர். ஒரே மாதத்தில் மூன்று முறை படுத்தார். மாதத்தில் இரண்டு முறை பின்னடைவு வந்தால் 3-ஆம் பகுதியை மறுபடி படித்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

11. தட்டில் என்ன இருக்கிறது

தசை கட்ட புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம். கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை தினமும் ஒரு வேளையாவது வரட்டும். சேலத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம்: உடம்பு சரியில்லை என்றால் நம் ஊரில் ஜவ்வரிசிக் கஞ்சிதான் கையில் வரும். அது மரவள்ளி மாவு. எளிதில் செரிக்கும், புரதம் என்று சொல்ல அதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. காய்ச்சலில் குடியுங்கள், மூன்று மாதம் கழித்தும் அதையே குடித்துக்கொண்டிருந்தால் தொடை எங்கிருந்து வரும்?

12. மூன்று, நான்கு மாதம் கழித்து: தரையிலிருந்து எழுதல்

பத்து முறை கை ஊன்றாமல் எழுந்து உட்கார முடிந்த பிறகு இதைக் கற்றுக்கொள்ளுங்கள். முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முதல் சில முறை பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

பாயில் ஒருக்களித்துப் படுங்கள். கையை ஊன்றி உட்காருங்கள். அங்கிருந்து நான்கு கால் நிலைக்கு வந்து, கட்டில் வரை தவழ்ந்து போங்கள். கட்டில் விளிம்பில் இரு கையையும் வைத்து, வலுவான காலை முன்னால் ஊன்றி எழுந்து, நிற்க முயலாமல் அப்படியே திரும்பிக் கட்டிலில் உட்காருங்கள். ஒரு நிமிடம் கழித்து நிற்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும், அதுவும் பயிற்சி இல்லாத நாளில். அம்மா இதை முதலில் செய்தபோது கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே நோட்டை எடுக்கச் சொன்னார். "எழுது, ஆனா நாளான்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத."